என் அண்ணன் திரையில் அசையாமல் நின்ற நிமிடத்துக்குச் சான்று வேண்டி

அனுப்புநர்:
தெம்பெகிலே புக்கானி,
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் (ஓய்வு),
14, ஆலோ தெரு,
குயின்ஸ்டவுன், கிழக்குக் கேப் மாகாணம்.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்புப் பிரிவு,
மாகாண அலுவலகம், பிஷோ.

பொருள்: மாத அளவு தீர்ந்துவிட்டதென்று கூறி, என் மகளின் மணப்பேச்சு நடந்துகொண்டிருக்கையில் மலிவு விலை பிராட்பேண்ட் இணைப்பு முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்பட்டது – துண்டிக்கப்பட்ட நிமிடத்தைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் சான்று பெற்றுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்வூர் மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சாட்சி அழுதால் அழுதபடியும், திட்டினால் திட்டியபடியும் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்வது என் பணி. கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இருந்ததில்லை. அந்தப் பழக்கம் போகாததால், இம்மனுவிலும் அவரவர் பேசியதை அவரவர் வாயில் வந்தபடியே எழுதியிருக்கிறேன். சில சொற்கள் அரசு அலுவலகத்துக்கு ஏற்றவையல்ல. அவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

1. சென்ற ஆண்டு வரை எங்கள் வீட்டில் டயல்-அப் இணைப்பு இருந்தது. இணையும்போது அது போடும் கூச்சல் தாங்கள் அறிந்ததே. எங்கள் நாய் அதற்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் இணையத்தில் செய்தித்தாள் படிக்கும் நேரமெல்லாம் தொலைபேசி வேலை செய்யாது. என் மனைவி நொவேத்து திருச்சபை மாதர் சங்கத் தலைவி. யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சாவு, யார் சமைப்பது என்பதெல்லாம் எங்கள் தொலைபேசி வழியாகத்தான் முடிவாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், சங்கத்துப் பொருளாளர் எல்லார் முன்னிலையிலும் என்னிடம் சொன்னது:

"ஐயா, ஜெபம் பண்ணினா கடவுளே சீக்கிரம் கெடைச்சிடறாரு. உங்க வீட்டு நம்பர்தான் கெடைக்க மாட்டேங்குது."

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மோடத்தைப் பிடுங்கிச் சமையலறை மாவு டப்பாவுக்குள் வைத்துவிட்டார். மறுவாரமே இந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். (நிறுவனத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். இம்மனுவுக்குள் எழுத வேண்டாமென்பது என் மனைவியின் உத்தரவு. அந்தப் பெண்ணின் பெரியம்மா மாதர் சங்கத்து உறுப்பினராம்.)

2. அப்பெண் மரியாதையாகவே பேசினார். டயல்-அப்புக்கு நான் கொடுத்து வந்ததைவிடக் குறைந்த கட்டணம், எந்நேரமும் இணைப்பு, கூச்சல் கிடையாது, தொலைபேசியும் தடையின்றி ஒலிக்கும் என்றார். கடைசியில், மூச்சு விடாமல், இணையத்தில் பார்ப்பதற்கெல்லாம் மாதத்துக்கு ஒரு கிகா அளவு என்று ஒரு வாக்கியம் சொன்னார். நான் விடவில்லை.

"ஒரு கிகான்னா எவ்வளவும்மா?"

"அது தண்ணித் தொட்டி மாதிரிங்க ஐயா. மாசம் பொறந்தா நெறைஞ்சிடும்."

"தீந்து போச்சுன்னா?"

"தீராதுங்க ஐயா. உங்க வயசுக்காரங்க யாரும் இதுவரைக்கும் தீத்ததில்ல."

என் வயதைக் குறிப்பிட்டதைப் பொறுத்துக்கொண்டேன். தொட்டி தீர்ந்தால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரை ஒரு சொட்டும் வராது என்பதை அவர் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கிறதுதான். அதைப் படிக்க என் மகளின் கண் தேவைப்பட்டது.

3. இனி என் மகள் லிண்டெல்வா பற்றி. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். அவளை மணக்க விரும்பும் லுவுயோ நில அளவையாளர், குணமுள்ள பையன். தந்தை இல்லாதவர். சித்தப்பா வைஸ்மன் கொட்டோயிதான் வளர்த்தவர். கொட்டோயி அவர்கள் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். மாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவது சிரமம். இது ஒன்றைத் தவிர அவர் மீது நான் குறை சொல்ல மாட்டேன். அதாவது, மணப்பேச்சு நடந்த தினம் வரை சொன்னதில்லை.

எங்கள் தகப்பனார் காலமான பிறகு குடும்பத்துக்கு மூத்தவர் என் அண்ணன் சொலிலே. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் பேருந்து ஓட்டுகிறார். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு எத்தனை மாடு தருவது என்று பேசும்போது அவர் இல்லாமல் நான் வாய் திறக்க முடியாது. திறந்தாலும் அது செல்லாது. அவருக்கோ கிறிஸ்துமஸ் வரை விடுப்பு இல்லை. லிண்டெல்வாதான் வழி சொன்னாள். ஒரு சின்னக் கேமராவை வாங்கி வந்து கணினியின் தலையில் உட்கார வைத்தாள். முதல் முறை பேசியபோது அண்ணன் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் சுவரில் அம்மாவின் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அங்க ரொம்ப வெயிலா?" என்று கேட்டார். அப்போது இங்கே மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஒரு மாலைக்காக இந்த நிறுவனத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவன் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

4. மணப்பேச்சுக்கு ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை குறிக்கப்பட்டது. காலையில் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மாத அளவில் கால் பங்கு மீதம் என்று காட்டியது. என் தரப்பில் அஜாக்கிரதை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கொட்டோயி அவர்களும் அவர் பக்கத்துப் பெரியவர்கள் இருவரும் வாசற்கதவருகே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசத் தொடங்குவது எங்கள் வழக்கமல்ல. காக்க வைப்போம். எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்களோ அவ்வளவு மதிப்பு பெண்ணுக்கு. என் மாமனார் என்னையும் என் ஆட்களையும் ஆட்டுப்பட்டி அருகே வெயிலில் நிற்க வைத்தார். ஒரு கிடா என் சட்டை நுனியைத் தின்றது. நான் அப்படிப்பட்டவனல்ல. முன் அறையில் மெத்தை நாற்காலி போட்டு, மின்விசிறி வைத்து, இஞ்சிச் சாறும் பிஸ்கட்டும் கொடுத்துக் காக்க வைத்தேன்.

அந்த அறையில்தான் கணினி இருந்தது. அண்ணனுக்காகக் காலையிலேயே போட்டு வைத்திருந்தோம்.

5. சற்று நேரத்தில் கொட்டோயி அவர்கள் என்னை என் குலப்பெயர் சொல்லி மரியாதையாக விளித்துக் கேட்டார்:

"ராடெபே, இந்தப் பெட்டில மாடு தெரியுமா?"

விருந்தாளி கேட்கிறார். தெரியாது என்று சொன்னால் வீட்டுக்கு அழகா? மேலும், டயல்-அப்பில் ஒரு படம் வருவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடலாம். இப்போதைய வேகத்தை வெளியாட்கள் யாருக்கும் நான் அதுவரை காட்டியதில்லை.

"மாடு மட்டுமா? ஏலமே தெரியும்," என்றேன்.

மாட்டு ஏல வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்து, அடுத்ததற்கு எங்கே அழுத்த வேண்டும் என்பதையும் காட்டிவிட்டு, வழக்கப்படி அவர்களைப் பொருட்படுத்தாதவன் போல உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு முன் அறையிலிருந்து வந்த குரல்கள்:

"அந்தச் செவலையைப் பாருய்யா! முதுகு மேஜை மாதிரி!"

"கொம்பு சரியில்ல."

"உன் கண்ணு சரியில்ல. இன்னொரு தடவை போடு."

பெண் கேட்டு வந்தவர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்த எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இருவருக்கும் இது பிடிக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவர்களை இன்னும் கொஞ்சம் காக்க வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தோம். அவர்கள் இன்னும் கொஞ்சம் மாடு பார்த்தார்கள்.

இதில் மாத அளவு கரைந்திருக்கலாம் என்று பின்னர் என் மகள் ஒரு கருத்துத் தெரிவித்தாள். விருந்தோம்பலுக்கு அளவு வைப்பது எங்கள் வழக்கமல்ல என்பதே என் பதில். தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று ஒரு மணியாவது அடித்திருக்கலாம் அல்லவா? ஒரு கூச்சல்? டயல்-அப் எதற்கெல்லாம் கத்தியது!

6. ஒருவழியாகப் பேச்சு தொடங்கியது. அண்ணன் திரையில் வந்தார். பேருந்து நிறுவனத்து ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, கையில் தேநீர்க் குவளை. கொட்டோயி அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டார் வாயைத் திறக்க வைக்கும் பிராந்திப் புட்டியை மேசை மீது வைத்தார். ஜெபம் ஆயிற்று. நலம் விசாரித்தாயிற்று. பிறகு அவர் எழுந்து நின்று சொன்னது:

"ராடெபே, நாங்க பெரிய பணக்காரங்க இல்ல. ஆனா வெறுங்கையோட வந்தவங்களும் இல்ல. ஆறு மாடு ஓட்டிட்டு வர்றோம்."

அண்ணன் முன்னால் சாய்ந்தார். இடது புருவம் மேலே போயிற்று. வாய் பாதி திறந்தது. குவளை நெஞ்சுக்கு நேராக நின்றது.

பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா, என் அண்ணனை அறிந்தவர்களுக்கு இதில் சந்தேகப்பட ஏதுமில்லை. சிறு வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டால், அவர் அடிக்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். பார்ப்பார். நானாக ஒப்புக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வைதான் என்று நினைத்தேன். மூத்தவர் பேசாதபோது இளையவன் பேசக் கூடாது.

கொட்டோயி அவர்கள் தொண்டையைச் செருமினார். தம் ஆட்களுடன் கிசுகிசுத்தார்.

"ஏழு."

புருவம் இறங்கவில்லை.

"மூத்தவரே, பொண்ணு படிச்ச பொண்ணு, ஒத்துக்கறேன். எட்டு."

இந்த இடத்தில் அண்ணன் "ம்" என்று ஒரு ஒலி எழுப்பியதை நான் என் காதால் கேட்டேன். அது பக்கத்து அறைக் குளிர்பெட்டியின் சத்தம் என்று கொட்டோயி அவர்கள் இப்போது சாதிக்கிறார். முப்பது ஆண்டு சாட்சிகளின் முனகலை மொழிபெயர்த்தவனுக்குக் குளிர்பெட்டி எது, அண்ணன் எது என்று தெரியாதா?

"ஒம்போது," என்றார் கொட்டோயி. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுளில் என் அண்ணனை நான் அவ்வளவு பெருமையோடு பார்த்ததில்லை.

அப்போது என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோப்பைகளை வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார். இதுபற்றி நான் பின்னர் விசாரித்தபோது அவர் அளித்த வாக்குமூலம்:

"கொவளையிலேர்ந்து கெளம்பின ஆவி பஞ்சு மாதிரி அந்தரத்துல நிக்குது. கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியாதா? ஆம்பளைங்க மாடு பேசற எடத்துல பொம்பளை வாயைத் தெறக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? நீங்கதானே சொன்னீங்க? தெறக்கல."

"பத்து!" என்று கத்திவிட்டார் கொட்டோயி. "பத்து மாடு, ஒரு குதிரை! ராடெபே, எறக்கம் காட்டுங்க! ஒரு வார்த்தை சொல்லுங்க!"

7. அந்நேரம் தொலைபேசி ஒலித்தது.

டயல்-அப் காலமாக இருந்தால் அது ஒலித்திருக்காது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த நிலையில் பத்து மாடும் ஒரு குதிரையும் முடிவாகி, கை குலுக்கி, இறைச்சி சாப்பிட்டிருப்போம்.

வழக்கப்படி கண்ணில் படாமல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்த லிண்டெல்வாதான் எடுத்தாள். மாதர் சங்கத்தார் ஒன்றாக உட்கார்ந்து கேட்பதற்காக வாங்கிய ஒலிபெருக்கித் தொலைபேசி அது. பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டதாகச் சொல்கிறாள். அண்ணனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது:

"டேய் தெம்பெகிலே! என்னடா நடக்குது அங்க? ஆறுன்னாங்க, 'சரி, சந்தோஷம்'னேன். ஒருத்தரும் அசையல. அந்த மனுஷன் என்னையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கோவிச்சுக்கிட்டாரோன்னு அஞ்சு போதும்னேன். அப்பவும் மொறைக்கிறாரு! என்ன ஆளுடா அவரு! சரி, நாலுன்னுட்டேன். நாலு போதும்டா, புள்ளைங்க நல்லா இருந்தா சரி. எனக்கு வண்டி எடுக்க நேரமாச்சு!"

அறையில் எல்லாரும் திரையைப் பார்த்தோம். அண்ணன் அதே புருவத்தோடு, அதே குவளையோடு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

8. சுருங்கச் சொன்னால், ஐயா, எங்கள் பக்கம் திரையில் நின்றுபோன என் அண்ணனின் படத்தோடு பேரம் பேசிக் கொட்டோயி அவர்கள் ஆறிலிருந்து பத்துக்கு ஏறினார். அங்கே லீட்ஸில், நின்றுபோன கொட்டோயி அவர்களின் படத்தோடு பேரம் பேசி என் அண்ணன் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கினார். இருவரும் தத்தம் குடும்பத்தின் சார்பில், சாட்சிகள் முன்னிலையில், சுய நினைவோடு பேசியவர்கள். அதன் பின் நடந்தது:

"கேட்டுக்கிட்டீங்கள்ல? மூத்தவர் வாய்லேர்ந்து வந்தாச்சு. நாலு!" என்றார் கொட்டோயி.

"உங்க வாய்லேர்ந்து பத்து வந்துச்சே? குதிரை வேற வந்துச்சே?" என்றேன் நான்.

"அது யாருக்குச் சொன்னேன்? ஒரு போட்டோவுக்குச் சொன்னேன்!"

"எங்கண்ணன் மட்டும் யாருக்குச் சொன்னாரு? அவரும் உங்க போட்டோவுக்குத்தான் சொன்னாரு!"

ஒலிபெருக்கியில் அண்ணன்: "என்னது? பத்தா? பத்துன்னா சொன்னாங்க? டேய், அப்ப நான் நாலுன்னதை எடுத்துடு! எழுதாதே!"

"சொன்னதைத் தின்னக் கூடாது, மூத்தவரே!" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார் கொட்டோயி.

நடைபாதையில் என் மகள் ஏப்ரன் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். அழவில்லை.

கொட்டோயி அவர்களும் அவர் ஆட்களும் வெட்டிய ஆட்டின் இறைச்சியைத் தொடாமல் போனார்கள். இது எங்களுக்குப் பெரிய அவமானம். பிராந்திப் புட்டி அலமாரி மேல் இருக்கிறது. பேச்சு முடியாததால் குடிக்கவும் முடியாது. முறியாததால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

9. முதல் சில நாள் லிண்டெல்வா மருத்துவமனையில் எல்லாரிடமும் கதையைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பது நின்றது. இங்கிருந்து ஆள் வந்து மன்னிப்புக் கேட்கும் வரை எங்கள் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று கொட்டோயி லுவுயோவிடம் சொல்லிவிட்டார். அங்கிருந்து ஆள் வரட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். ஒரு மாலை குளியலறையில் குழாய் வெகுநேரம் திறந்திருந்தது. வெளியே வந்தவளிடம் தண்ணீரை வீணாக்காதே என்றேன். அதற்கு அவள்:

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் மாட்டுக்காகச் சண்டை போடறீங்கன்னா எனக்குப் புரியும். உங்க தோட்டத்துல ஒரு கன்னுக்குட்டி கட்டக்கூட எடம் கெடையாது. நீங்க சண்டை போடறது யாரு முட்டாளானதுன்னு. அதுக்கு ஏன் என் கல்யாணம் காத்துக்கிட்டிருக்கணும்?"



10. ஆகவே உண்மையைக் கண்டறிவதென்று முடிவு செய்தேன். எந்த நிமிடம் இணைப்பு நின்றதோ, அதற்கு முன் சொன்னதெல்லாம் செல்லும், பின் சொன்னதெல்லாம் செல்லாது. இதைக் கொட்டோயி அவர்களும் ஆள் மூலம் ஒப்புக்கொண்டார். பேச்சு நடந்தபோது எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மருந்து சாப்பிடும் நேரம் தவறக் கூடாதென்று கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தவர். எந்த மாடு எந்த நேரத்தில் வந்தது என்று அவரால் சொல்ல முடியும். நிறுவனம் தன் நேரத்தைச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் அதே பெண்.

"ஐயா, போன மாசம் உங்க அளவு தீந்துடுச்சுங்க."

"தெரியும்மா. எந்த நிமிஷம் தீந்தது?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்களே. தீந்துடுச்சுன்னு மட்டும் காட்டுது. பெரிய திட்டத்துக்கு மாறிக்கிறீங்களா? இப்ப சலுகை இருக்கு."

"எங்க வீட்டுல கல்யாணம் நின்னுபோயிருக்கும்மா."

"கல்யாணப் போட்டோ நெறைய அனுப்பணும்னா மூணு கிகா திட்டம்தான் ஐயா சரியா வரும்," என்றார்.

மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்று முறையும் அவர்களிடமிருந்து சலுகை அறிவிப்பு வந்தது.

11. நான் இம்மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கையில் வேறொன்றும் நடந்துவிட்டது. நடந்ததை மறைப்பது சாட்சிக்கு அழகல்ல என்பதால் சொல்லிவிடுகிறேன். என் மனைவி லுவுயோவின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். தொலைபேசிதான் இப்போது எந்நேரமும் வேலை செய்கிறதே. இரண்டு பெண்களும், எல்லாரும் உயிரோடு அசைந்துகொண்டிருந்தபோது சொன்னது ஆறு, ஆகவே ஆறு என்று முடித்துவிட்டார்கள். டிசம்பருக்குத் திருச்சபைக் கூடம் பேசியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விடுப்பில் அண்ணனும் வந்துவிடுவார். லிண்டெல்வாவுக்கு அளவெடுத்தாகிவிட்டது. எனக்கும் அளவெடுக்கத் தையற்காரர் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

"என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணின?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அசையாம நின்னுக்கிட்டிருந்தீங்களே," என்றார் என் மனைவி.

கொட்டோயி அவர்களும் இதேபோல் தையற்காரர் மூலமாகவே அறிந்தாராம். சென்ற ஞாயிறு கடைத்தெருவில் எதிரே வந்தார். இருவரும் தொப்பியைக் கழற்றினோம். பிறகு அவர், திரையில் நின்ற என் அண்ணனின் முகத்தை லிண்டெல்வா அச்செடுத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஒரு படி கிடைக்குமா என்று கேட்டார். மாட்டு ஏலத்துக்குப் போகும்போது எதிரே வைத்துக்கொண்டு பழகுவதற்காம். "அப்படி ஒரு மொகம் எனக்கு இருந்திருந்தா, ராடெபே, இந்நேரம் மாவட்டத்துலயே பாதி மாடு என்னுதுதான்," என்றார். பிரதி கொடுத்துவிட்டேன். ஆயினும், அந்த "ம்" குளிர்பெட்டியின் சத்தம்தான் என்பதில் அவர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். ஆகையால் இம்மனுவைத் திரும்பப் பெறும் நிலையில் நான் இல்லை.

12. மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் வேண்டிக்கொள்வது:

முதலாவதாக, மேற்படி சனிக்கிழமை என் இணைப்பு நின்ற நிமிடத்தை நிறுவனத்திடமிருந்து கேட்டறிந்து, முத்திரையிட்ட சான்றாக எனக்கு வழங்க வேண்டும்.

அடுத்து, மாத அளவு தீரும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு ஓசையாவது எழுப்ப நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். பழைய மோடத்தின் கூச்சலே போதும். அது மாவு டப்பாவில்தான் இருக்கிறது, தேவையானால் அனுப்பி வைக்கிறேன்.

இறுதியாக, சான்றை அனுப்பும் முறை குறித்து ஒரு பணிவான விண்ணப்பம். இணைப்பு பத்தாவது மாட்டுக்கும் குதிரைக்கும் பிறகுதான் நின்றது என்று தெரியவந்தால், தயவுசெய்து கூரியரில் இரண்டு படிகள் அனுப்புங்கள். ஒன்று எனக்கு, ஒன்று நேரே கொட்டோயி அவர்களின் முகவரிக்கு. ஆறாவது மாட்டோடு நின்றுவிட்டது, பெண்கள் முடித்ததுதான் சரி என்று தெரியவந்தால், அவசரமே இல்லை. சாதாரணத் தபால் போதும். எங்கள் தெருவுக்குத் தபால் வர எவ்வளவு காலமானாலும் நான் புகார் செய்ய மாட்டேன் என்று இதன் மூலம் உறுதியளிக்கிறேன்.

இடம்: குயின்ஸ்டவுன்
நாள்: 18-09-2006

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
தெம்பெகிலே புக்கானி